மறைசுவரின் இடப்பக்கம்

பீஜிங், 28 செப்டம்பர் 1969

அன்புத் தம்பி பைஹெங்குக்கு,

இந்தப் பெயரால் உன்னை அழைப்பது இதுவே கடைசி. இது தபாலில் வரவில்லை. உன் ஊருக்கு மாற்றலாகிப் போகும் டாக்டரின் மனைவி, மெத்தைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவருகிறாள். படித்ததும் அடுப்பில் போடு. நீயும் ரூய்லானும் பெண் குழந்தையும் நலம் என்று நம்புகிறேன். முழங்காலைத் தவிர நான் நலம்.

வடக்கு எல்லையில் சண்டை நடந்ததிலிருந்து எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். முற்றத்துக்கு முற்றம் பதுங்குகுழி தோண்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. நம் சந்தில் மேற்குக் கோடியில் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக் குழியும் அடுத்த வீட்டுக் குழியோடு பூமிக்கடியில் சேர வேண்டுமாம்.

இந்த வீட்டில் இப்போது ஆறு குடும்பங்கள் இருக்கின்றன. வெயில் விழும் வடக்கு வீட்டில் தெருக் குழுத் தலைவி ஹாவ். கிழக்கு வரிசையில் கரி வண்டி இழுக்கும் லுவான். எனக்கு வாசலை ஒட்டிய தெற்கு வரிசையில் ஓர் அறை. உன் அத்தான் காலத்தில் சமையற்காரன் படுத்திருந்த அறை அது. வடக்குப் பார்த்தது, வருஷம் முழுக்கச் சூரியன் எட்டிப் பார்க்காது. நான் குறை சொல்லவில்லை. இருக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க எனக்குத் தெரியும்.

1949 ஜனவரியில், நகரத்தைச் செஞ்சேனை சுற்றி வளைத்திருந்தபோது, நீ பழைய ராணுவத்தின் கேப்டனாக இந்த வாசலில் நுழைந்தாய்; பருத்தி மேலங்கி போட்ட விவசாயியாக வெளியே போனாய். நியமனப் பத்திரம், அதில் ஒட்டிய உன் படம், கைத்துப்பாக்கி, எல்லாவற்றையும் அம்மாவின் ஊறுகாய் ஜாடியில் போட்டுப் புதைத்தாய். அத்தானுக்கு அது கடைசி வாரம். நான் அவர் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. "மறைசுவருக்குப் பக்கத்தில்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். வாசலுக்கு நேரே, முற்றத்தைத் தெருப் பார்வையிலிருந்து மறைக்கிற அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம்? எவ்வளவு ஆழம்?

பிரெஞ்சுக் கன்னிமார் பள்ளியில் படித்தவள் என்ற குற்றம் ஏற்கெனவே என் பேரில் இருக்கிறது. இன்னொன்று சேர்ந்தால் அறுபத்தேழு வயதில் எனக்கு என்ன போகிறது? ஆனால் அந்த ஜாடிக்குள் உன் முகம் இருக்கிறது. சோங்கிங் கப்பல் பட்டறையில் வரைபடம் போடும் ஃபாங் ஷான்மின் என்பவனுக்கும் அதே முகம்தான்.

தபாலில் எழுதும்போது நீ உன் அத்தானிடம் வரைபடம் பழகிய மாணவன். மரியாதைக்கு என்னை அக்கா என்கிறாய். நாம் ஊறுகாயைப் பற்றிப் பேசுகிறோம்.

உன் அக்கா,
ஷுயுன்

*

சோங்கிங், 14 அக்டோபர் 1969

மதிப்புக்குரிய அக்காவுக்கு, வணக்கம்.

உங்கள் முழங்காலுக்கு இஞ்சி ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள். நாங்கள் நலம். ஊரெல்லாம் மூடுபனி, பத்தடி தள்ளி நிற்பவர் யாரென்று தெரியவில்லை. எனக்கு இந்தப் பனி பிடித்திருக்கிறது.

நீங்கள் கேட்ட ஊறுகாய்ப் பக்குவம் நன்றாக நினைவிருக்கிறது. ஜாடியை மறைசுவருக்கு இடப்பக்கம் வைக்க வேண்டும். சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, இடுப்பளவு ஆழம். வாயை எண்ணெய்த் துணியால் கட்டி மெழுகு பூசினால் இருபது வருஷமானாலும் கெடாது.

ரூய்லான் நான் இதை எழுதுவதைப் பார்த்துவிட்டாள். "யாருங்க இந்த அக்கா? புது வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அனுப்புறதோட சரி. இப்ப திடீர்னு ஊறுகாய்க்குப் பக்குவம் கேக்குறாங்களா?" என்றாள். வாத்தியார் சம்சாரம் என்றேன். "பீஜிங்ல ஊறுகாய் போடத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பட்டறை வேலையாக ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு மாதம் போகிறேன். பதில் தாமதமானால் மன்னிக்கவும்.

பணிவுடன்,
ஷான்மின்

*

பீஜிங், 27 அக்டோபர் 1969

ஷான்மின்னுக்கு ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்பதில் மகிழ்ச்சி. கையெழுத்து முன்னைவிட மோசமாகியிருக்கிறது.

"இடப்பக்கம்" என்று எழுதியிருக்கிறாய். பீஜிங்கில் வளர்ந்தவன் எழுதும் சொல்லா இது? இங்கே கட்டிலில் பக்கத்தில் படுத்திருப்பவரைக் கூட "கொஞ்சம் மேற்கே தள்ளிப் படு" என்றுதான் சொல்வோம். தெருவெல்லாம் படிக்கட்டாக வளைந்து ஏறுகிற ஊரில் இருந்து இருந்து, உனக்குத் திசை மறந்துவிட்டது. நான் படித்த பள்ளியில், இடது என்று யாராவது சொன்னால் "யாருடைய இடது?" என்று கேட்ட பிறகுதான் மேலே பேச விடுவார்கள்.

நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். வீடு தெற்கு நோக்கி அமர்ந்திருக்கிறது. ஆகவே வீட்டின் இடக்கை கிழக்கு. மூத்தவரை உட்கார வைக்கும் பக்கம். உன் வாத்தியார் உனக்குக் கற்பித்ததும் இதுதான். மறைசுவருக்குக் கிழக்கே இருப்பது யாரும் நடமாடாத மூலை; பழைய மீன்தொட்டியும் உடைந்த ஓடுகளும் கிடக்கின்றன. ஊறுகாய் ஜாடி வைக்கத் தோதான இடம்.

உன்னைக் கேட்டுப் பதில் வரக் காத்திருக்க முடியாது. ஒரு கடிதம் போய்ச் சேர எட்டு ஒன்பது நாள். நவம்பர் முடிந்தால் மண் கல்லாகிவிடும். குளிர்காலக் கோஸ் வண்டிகள் பத்தாம் தேதி வருகின்றன. சந்தில் எல்லோரும் கோஸ் வைக்கக் குழி வெட்டுவார்கள். இந்த வருஷம் நானும் வெட்டுவேன். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

ரூய்லானிடம் சிரித்துச் சமாளிக்காதே. நீ சிரித்தால் பொய் சொல்கிறாய் என்று நாலு வயதிலேயே... உன்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அக்கா

*

பீஜிங், 15 நவம்பர் 1969

ஷான்மின்னுக்கு,

உன் பதில் இல்லை. பயணத்திலிருந்து சுகமாகத் திரும்பியிருப்பாய் என்று நினைக்கிறேன். என் உடம்பில் வலிக்காத இடம் எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான்கு நாள் வெட்டினேன். தரைச் செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து அடுக்கினேன், ஒன்றுகூட உடையவில்லை. இரண்டாம் நாள் லுவான் தலையை நீட்டினான்.

"என்னம்மா இது, குழி கோஸுக்கா, இல்ல கோஸ் திங்கிற ஆளுக்கா?"

"உங்க வாய்க்கு. மண்ணை அள்ளி அந்தப் பக்கம் போடுங்க," என்றேன்.

மூன்றாம் நாள் என் இடுப்புக்கு வந்தது. நான்காம் நாள் நெஞ்சுக்கு வந்தது. பழைய ஓட்டுத் துண்டுகளும் ஒரு பூனையின் எலும்புகளும் இருந்தன. ஜாடி இல்லை.

ஐந்தாம் நாள் காலை ஹாவ் வந்து குழி விளிம்பில் நின்றாள். அவளுக்குக் கோஸ் குழியின் ஆழம் தெரியாதா? முப்பது வருஷம் சந்தில் காய்கறி விற்றவள். ஆனால் அவள் கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டாள்.

"எல்லாரும் வந்து பாருங்கப்பா! அறுபத்தேழு வயசு! பட்டுல பொறந்து பட்டுல வளர்ந்த அம்மா. நாம இன்னும் கூட்டம் போட்டுப் பேசிட்டிருக்கோம், அவங்க ஆளுயரம் வெட்டிட்டாங்க! வெக்கமா இல்ல?" என் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, கோஸ எங்க வீட்டு மூலையில அடுக்கிக்கோங்க. நம்ம பதுங்குகுழிக்கு வாய் இதுதான். முடிவு பண்ணியாச்சு."

முதலில் வடக்கு முற்றத்தில் மாதுளை மரத்தடியில்தான் தோண்டுவதாக இருந்தார்கள். இப்போது இங்கிருந்து தொடங்கி, மறைசுவருக்கு அடியில் புகுந்து, மேற்கே பக்கத்து வீட்டுக் குழியோடு சேர்க்கப் போகிறார்கள். எனக்கு ஒரு சிவப்புக் காகிதப் பூ குத்தினார்கள். மேற்கே என்ன இருக்கிறது, ஷான்மின்?

அக்கா

*

சோங்கிங், 17 நவம்பர் 1969

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உடல்நலம் பேணுங்கள். நேற்றுத்தான் திரும்பினேன். உங்கள் அக்டோபர் கடிதம் மேசையில் காத்திருந்தது.

தயவுசெய்து கிழக்கு மூலையைத் தொடாதீர்கள். நான் சொன்னது வாசலில் நுழைந்து மறைசுவரைப் பார்த்து நிற்பவனின் இடது. மேற்கு. எல்லோரும் நடந்து போகும் வழி. மூலையில் பெயர்த்த செங்கல் வருஷக்கணக்கில் பெயர்த்த செங்கலாகவே தெரியும். நடைவழியில் நூறு பேர் மிதித்தால் ஒரு வாரத்தில் தெரியாது. அன்றைக்கு எனக்கு அதுதான் தோன்றியது.

வீட்டின் இடது, மூத்தவரின் இடது... அதெல்லாம் வாத்தியார் சொல்லிக் கொடுத்ததுதான், அக்கா. ஆனால் நான் அன்று வீட்டு ஆளாக அங்கே நிற்கவில்லை. வாசல் வழியே வந்தவனாக நின்றேன்.

கோஸ் குழி வெட்டாதீர்கள். வெட்டினாலும் மேற்கே வெட்டுங்கள். உடனே பதில் எழுதுங்கள்.

ஷான்மின்

*

பீஜிங், 8 டிசம்பர் 1969

ஷான்மின்னுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. பிழை உன்னுடையது என்று எழுதி, அடித்துவிட்டேன். பாதி என்னுடையது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்களுக்கு வரும் பிழை.

கேட்டுக்கொள். பள்ளம் மறைசுவரின் அடிவாரத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் பத்து நாளாக மண் உறைந்துவிட்டது. கடப்பாரை போட்டால் பொறி பறக்கிறது. "பூச்சிங்க முழிக்கிற நாள் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று லுவான் கடப்பாரையைச் சாத்தி வைத்துவிட்டான். ஆக, மார்ச் முதல் வாரம் வரை உன் ஊறுகாய்க்குக் காவல் இருக்கிறது. குளிருக்காக நான் வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி சொல்கிறேன்.

மேற்கு வழியில் நான் எந்தச் சாக்கில் தோண்டுவது? கோஸ் சாக்கு முடிந்துவிட்டது. ஒரு கிழவிக்கு வருஷத்தில் ஒரு குழிதான் மரியாதை.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

*

சோங்கிங், 16 ஜனவரி 1970

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்களிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. முழங்கால் எப்படி? அடுப்புக்குக் கரி போதுமான அளவு கிடைக்கிறதா?

பட்டறையில் எல்லோருடைய கோப்புகளையும் மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். 1949க்கு முன் எங்கே இருந்தாய், யார் சாட்சி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்தேன். ஏழாவது தடவை அதையே எழுதுகிறேன். கமா கூட மாறவில்லை. "ஃபாங் தோழர், மத்தவங்க எழுதுறப்ப ஏதாவது மறந்துபோய்ச் சொதப்புறாங்க. நீங்க பாடப் புஸ்தகம் மாதிரி எழுதுறீங்களே" என்றார் எழுத்தர். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

போன வாரம் எல்லோரையும் புதிதாகப் படம் எடுத்தார்கள். என் படம் தெளிவாக விழுந்திருக்கிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஷான்மின்

*

பீஜிங், 9 பிப்ரவரி 1970

ஷான்மின்னுக்கு,

புது வருஷம் உன் வீட்டில் நன்மையாகத் தொடங்கியிருக்கட்டும். நான் எழுதாமல் இருந்ததற்கு உடம்பு காரணமில்லை. எழுதும் அளவுக்கு எதுவும் முடியவில்லை.

தினமும் விடியுமுன் இரண்டு கெட்டில் வெந்நீர் மேற்கு வழியில் ஊற்றினேன். மண் இளகினால் கையகலம் கிளறலாம், ஒரு மாதத்தில் இடுப்பளவு போகலாம் என்று கணக்கு. கன்னங்கரேலென்று ஒரு விரற்கடை இளகும். நான் கரண்டியை எடுத்து வருவதற்குள் கண்ணாடியாக உறைந்துவிடும். பன்னிரண்டாம் நாள் ஹாவின் கணவர் பொதுக் கழிப்பறைக்குப் போகும் அவசரத்தில் அதன் மேல் கால் வைத்தார். மணிக்கட்டு முறிந்தது.

ஹாவ் என் அறைக்குள் வந்தாள். உட்காரவில்லை.

"பெரியம்மா, வெந்நீர் எதுக்கு ஊத்துனீங்க?"

"பனி உருகட்டும்னு. யாராவது வழுக்கி விழுந்துடுவாங்களேன்னு."

"நல்ல மனசு. முற்றம் பூரா பனி கெடக்கு. ஒங்க மனசு மட்டும் ஏன் மேக்காலயே எளகுது?"

அவள் கெட்டிலின் மூடியைத் திறந்து பார்த்தாள். "அடுப்புக் கரி இனிமே எங்க வீட்டுல வந்து வாங்கிக்கோங்க. ஒரு நாளைக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ குடுக்குறேன்" என்றாள். அதன் பிறகு என் அறையில் தண்ணீர் கொதிப்பதில்லை.

பதுங்குகுழிக்குச் செங்கல் போதவில்லை என்று போன வாரம் மறைசுவரை இடித்தார்கள். செதுக்கிய பெரிய பூக்களையும் விடவில்லை. லுவான்தான் முதல் அடி அடித்தான். "பேய்க்கு வளையத் தெரியாதாம், நேராத்தான் வருமாம். இனிமே நேரா வரட்டும். ஒக்காரச் சொல்லி டீ குடுப்போம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது சந்தில் போகிறவர்கள் எங்கள் முற்றத்துக்குள் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

பூச்சிகள் விழிக்க இன்னும் இருபத்தைந்து நாள்.

அக்கா

*

பீஜிங், 10 மார்ச் 1970

ஷான்மின்னுக்கு,

உன் உடல்நலம் பார்த்துக்கொள்.

ஜாடி நேற்றுப் பகல் பதினோரு மணிக்குக் கிடைத்தது. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். லுவானின் கடப்பாரை 'டங்' என்றது. "ஊறுகாய் டோய்! பழைய காலத்து ஊறுகாய்! ஆளுக்கொரு துண்டு!" என்று கத்தினான். மெழுகை அவனே உடைத்தான். கையை விட்டான். வெளியே வந்த கையைப் பார்த்ததும் சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

நீ கட்டியது நல்ல கட்டு. ஒன்றுமே கெடவில்லை.

யாருடையது என்று கேட்கிறார்கள். "வயசானவங்க, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்று என்னிடம் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். பத்து நாள் தவணை கொடுத்திருக்கிறார்கள். வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கடிதத்தைக் கோஸ் இலைக்குள் மறைத்துக் கொண்டுபோய்ப் போட்டேன்.

அக்கா

*

சோங்கிங், 19 மார்ச் 1970

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. ஊறுகாய், ஜாடி என்று எழுத எனக்கு இனிப் பொறுமையில்லை.

ராத்திரி ரூய்லானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரிலிருந்து தொடங்கினேன். அவள் எழுந்து குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "அந்தம்மா எத்தன மாசமா ஒத்த ஆளா மண்ணக் கிண்டிட்டு இருந்தாங்க?" என்று கேட்டாள். நான்கு மாதம் என்றேன். "நீங்க இங்க பக்குவம் எழுதிட்டு இருந்தீங்களாக்கும்" என்றாள். காலையில் என் பெட்டியை அவளே அடுக்கினாள்.

அத்தான் இறந்த வாரத்தில் உங்களைத் தனியே விட்டுப் போனேன். இன்னொரு தடவை முடியாது. ஜாடி என்னுடையது என்று நானே வந்து சொல்கிறேன். நான் சொல்லும்வரை நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுகிறேன். புதன், 25ஆம் தேதி காலை எட்டு மணிக்குப் பீஜிங் சேர்கிறது. ஒன்பது மணிக்கெல்லாம் உங்கள் வாசலில் நிற்பேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன் என்று தெரியும். இருந்தாலும் எழுதத் தோன்றியது.

உங்கள் தம்பி,
பைஹெங்

*

பீஜிங், 21 மார்ச் 1970

திரு. ஃபாங் ஷான்மின் அவர்களுக்கு,

ஐயா, உங்கள் குடும்பத்தார் அனைவரின் நலத்தையும் விரும்புகிறேன். என் கணவரிடம் வரைபடம் பயின்ற நன்றியை மறவாமல் இத்தனை வருஷம் விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். தெருக் குழுத் தலைவி படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகு இதை அனுப்புகிறேன்.

என் வீட்டில் கிடைத்த பொருள்கள் என் தம்பி யான் பைஹெங் என்பவனுடையவை. அவன் பழைய ராணுவத்தில் இருந்தான். 1949 ஜனவரியில் நகரத்தின் மேற்கு வாசலுக்கு வெளியே சுடப்பட்டு இறந்தான். நானே போய் உடலைப் பார்த்தேன். பனி மூடியிருந்தது, துடைத்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேல் காயம். கல்லறை இல்லை. இவ்வளவையும் நேற்று மூன்று பேர் முன்னால் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இருந்தது.

தோழர் ஹாவுக்கு மட்டும் சந்தேகம். படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "மூக்கு ஒங்க மூக்குதான். அது சரி. செத்தவனுக்கா இத்தன நாளா வெந்நீர் ஊத்துனீங்க?" என்றாள். செத்தவர்களுக்குச் செய்யும் சடங்குதான், பழைய மூடநம்பிக்கை, என்னை விமர்சனம் செய்யுங்கள் என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

அவனுடைய படத்தைப் பெரிதாக்கி இன்று வாசல் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதுப் படம். அடையாளம் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறது. நான் பயப்படவில்லை. செத்தவனை யார் எங்கே பார்க்கப் போகிறார்கள்?

புதன், 25ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு எங்கள் முற்றத்தில் கூட்டம். சந்து முழுவதும் வரும். நான் எழுந்து நின்று, என் தம்பி இறந்துவிட்டான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அத்துடன் கோப்பை மூடிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறேன். முதல் நாள் குரல் கொஞ்சம் இடறியது. இப்போது இல்லை.

உங்கள் மகளை நன்றாகப் படிக்க வையுங்கள்.

இப்படிக்கு,
தாவ் குடும்பத்து விதவை,
ஷுயுன்